'சாயூர் சஹாஜா' என்றால் சைவமா? சிற்றூர்களில் சைவச் சாப்பாடு தேடுவோருக்கு

புரட்டாசி மாதம். கிழக்குக் கரையில் ஒரு பேருந்து நிலையம். பக்கத்தில் வரிசையாக அங்காடிகள். காலையில் கிள்ளானில் ஏறிய இளைஞருக்கு மதியப் பசி. "சாயூர் சஹாஜா" என்கிறார். காய்கறி மட்டும் போதும் என்பது அவர் நினைப்பு. கடைக்கார அக்கா சிரித்த முகத்தோடு சோறு போட்டு, பயற்றங்காய்ப் பிரட்டலும் கங்கோங் கீரையும் வைத்துத் தருகிறார். இரண்டு வாய் போன பிறகுதான் பயற்றங்காய்க்கு நடுவே நெத்திலித் தலை தெரிகிறது. கங்கோங்கில் பெலாச்சான் வாசம்.

வெளியூரில் வேலைக்கோ படிப்புக்கோ போன பலருக்கும் இது பழகிய கதைதான். சிலர் தட்டைத் தள்ளிவிட்டு ரொட்டியும் பிஸ்கட்டுமாக ஒரு மாதத்தை ஓட்டுகிறார்கள். சிலர் "ஊர் அப்படி, என்ன செய்வது" என்று விரதத்தையே விட்டுவிடுகிறார்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப்பட்டாணியிலும் தெருவுக்கு ஒரு வாழையிலைக் கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு குவா மூசாங், மாச்சாங், ஜெர்த்தே, டுங்குன் போன்ற ஊர்கள் சாப்பாட்டு விஷயத்தில் வேறு நாடு மாதிரி. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மக்கள்தொகையில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கிளந்தான் முழுவதற்கும் இருப்பது ஒரே தமிழ்ப்பள்ளி. கோல கிராயில் உள்ள பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. அந்த நிலையில் சைவ உணவகம் எத்தனை இருக்கும்?

ஆனால் சைவ உணவகம் இல்லை என்பதும் சைவச் சாப்பாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. பெயர்ப்பலகை போடாத எத்தனையோ அடுப்படிகளில் அது கிடைக்கிறது. எந்த அடுப்படி, எந்த நேரம், என்ன சொல்லிக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

சொல்லில் இருக்கும் வில்லங்கம்

முதலில் அந்த அங்காடி அக்காவின் மீது பழி போடக்கூடாது. அவர் ஏமாற்றவில்லை. மலாய்ச் சமையலில் நெத்திலியும் உலர்ந்த இறாலும் பெலாச்சானும் நமக்குக் கடுகு, கறிவேப்பிலை போல. அவை தாளிப்பு, சுவைக்குப் போடும் பொருள். அவற்றை அவர் 'மீன்' கணக்கில் சேர்ப்பதே இல்லை. 'சாயூர்' கேட்டார்கள், சாயூர் கொடுத்தார்.

இன்னொரு சொல் இதைவிடப் பெரிய வில்லங்கம். "சாயா தாக் மாக்கான் டாகிங்" என்று பலர் சொல்கிறார்கள். அகராதியில் டாகிங் என்றால் இறைச்சி. கடையில் டாகிங் என்றால் மாட்டிறைச்சி. அதனால் "டாகிங் சாப்பிட மாட்டேன்" என்றதும், "ஓ, இந்து, மாடு சாப்பிட மாட்டார்" என்று புரிந்துகொண்டு, அக்கறையோடு கோழியை எடுத்து வைப்பார்கள். 'வெஜிடேரியன்' என்ற சொல்லும் சிறிய ஊர்களில் பாதிதான் உதவும். கேட்டிருப்பார்கள், அதற்குள் மீன் வராது, முட்டை வராது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, தத்துவத்தைச் சொல்லாமல் பட்டியலைச் சொல்வதே பலன் தரும். "சாயா தாக் மாக்கான் ஆயாம், டாகிங், ஈக்கான், உடாங், தெலூர். ஈக்கான் பிலிஸ், பெலாச்சான் பூன் தாக் போலே." கோழி, மாடு, மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கடைசியில் நெத்திலியும் பெலாச்சானும்கூட ஆகாது என்று முடிக்க வேண்டும். சீன, தாய் பாணிச் சமையல் என்றால் "சோஸ் தீராம், சோஸ் ஈக்கான் ஜாங்கான் லெத்தாக்" என்பதும் தேவை. முன்னது சிப்பிச் சாறு, பின்னது மீன் சாறு. கோழிச்சாறுப் பொடியை மறந்துவிடக்கூடாது. வெறும் முட்டைக்கோஸ் வதக்கலிலும் ஒரு கரண்டி விழும் பொருள் அது. அஜினோமோட்டோ வேறு, கோழிப்பொடி வேறு. முதலாவதில் கோழி கிடையாது.

இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கைப்பேசியில் மலாயில் எழுதி வைத்துக் காட்டலாம். கூட்டம் அலைமோதும் ஒரு மணிக்குப் போய் நின்று காட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது. பதினொன்றரைக்குப் போனால் அதே கடைக்காரர் "எப்படிச் செய்து தரட்டும்?" என்று திருப்பிக் கேட்பார்.

காலைப் பசியாறலே பெரிய சோதனை

கிழக்குக் கரையில் காலைப் பசியாறுவதுதான் சைவக்காரர்களுக்கு மிகக் கடினம். அங்கே பொழுது விடிவதே மீனோடு. நாசி டாகாங் என்றால் ஈக்கான் தோங்கோல் குழம்பு கூடவே வரும். லக்சாம் குழம்பு மீனை அரைத்துச் செய்வது. கெரோப்போக் லெக்கோர் மீனும் சவ்வரிசி மாவும். சாத்தார் என்பது இலையில் சுற்றிச் சுட்ட மீன். புலூட் பாங்காங் பார்க்க வெறும் ஒட்டரிசிப் பண்டமாகத் தெரியும். உள்ளே இறாலோ மீனோ வைத்துச் செய்வதும் உண்டு. நாசி கெராபுவின் நீல நிறம் நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து வருவது. சோற்றில் குற்றமில்லை, ஆனால் மேலே தூவும் தேங்காய்ப்பூவில் மீன் கலந்திருக்கும், ஊற்றும் பூடு நெத்திலியை உப்பிலிட்டுப் புளிக்க வைத்த சாறு.

என்ன மிஞ்சும்? நாசி டாகாங் சோறு தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, வெங்காயம் சேர்த்து வேகவைத்தது. "நாசி சஹாஜா, குவா தாக் மாவ்" என்று குழம்பில்லாமல் கேட்டால், வெள்ளரிக்காய் அச்சாருடன் ஒரு பசி தீரும். நாசி லெமாக்கில் சோறும் வேர்க்கடலையும் வெள்ளரியும் நம் பக்கம். சம்பலும் நெத்திலியும் முட்டையும் எதிர்ப்பக்கம். ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலத்தை வாங்கினால் இரண்டும் கலந்துதான் வரும், அதனால் எதிரே நின்று எடுத்துக் கட்டித் தரும் கடையாகப் பார்க்க வேண்டும்.

பண்டங்கள் கைகொடுக்கும். பீசாங் கோரேங், ஓன்டே ஓன்டே, குவே லாப்பிஸ், லெப்பாட் பீசாங், அவித்த மரவள்ளி எல்லாம் பொதுவாகச் சைவமே. செரி மூக்காவின் பச்சை மேற்பகுதியில் முட்டை உண்டு. கறிபாப் உருளைக்கிழங்காகவும் இருக்கும், சார்டினாகவும் இருக்கும், கேட்காமல் கடிக்கக்கூடாது. கோப்பிக் கடையில் ரொட்டியில் தடவும் காயாவில் முட்டை இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழ ரோஜாக்கைப் பார்த்து "வெறும் பழம்தானே" என்று வாங்குவோர் உண்டு. அதில் ஊற்றும் கரிய குழம்பில் சேரும் பெத்திஸ் உடாங் இறாலில் செய்தது.

மதியத்துக்கு மலாய்க் கடைகளில் கிடைக்கும் உலாம் ஒரு நல்ல துணை. பச்சைக் கீரை, அவரை, கத்தரிப்பிஞ்சு என்று தட்டு நிறையத் தருவார்கள். தொட்டுக்கொள்ளும் சம்பலை மட்டும் நகர்த்தி வைக்க வேண்டும். தெம்பே, தௌஹூ பொரித்துத் தருவார்கள். ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பது வழக்கம். அதை ஏற்பதா விடுவதா என்பதை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. தைப்பூசத்துக்கு மாலை போட்டவரின் கணக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் எடுப்பவரின் கணக்கும் ஒன்றாக இருக்காது.

எந்தக் கடைக்குள் நுழைவது?

தட்டுகளில் சமைத்து வைத்த கடையைவிட, கேட்ட பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றும் கடை மேல். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிக் கஷ்டம் தீரும். ஏற்கெனவே வெந்த கறியிலிருந்து நெத்திலியைப் பொறுக்கி எடுக்க முடியாது. இனி வேகப்போகும் கறியில் போடாமல் இருக்க முடியும். அந்த வகையில், மாலையில் திறந்து நள்ளிரவு வரை நடக்கும் தோம் யாம் கடைகள் எதிர்பாராத உதவி. தோம் யாமைத் தொடக்கூடாது, அதன் விழுதில் இறால் இருக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகச் சட்டியில் புரட்டப்படுவது. சிப்பிச் சாறு, மீன் சாறு இல்லாமல், பூண்டும் சோயாவும் மட்டும் போட்டுக் காய்கறிப் பிரட்டலும் வெள்ளைச் சோறும் கேட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

மாமாக் கடை இருக்கும் ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அங்கேயும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டால், பழக்கத்தில் அதன் மேல் ஒரு கரண்டி மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். "டால் சஹாஜா, ஜாங்கான் சம்போர்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோசைக்கு வரும் சிவப்புச் சம்பலில் நெத்திலி இருக்கலாம், தேங்காய்ச் சட்னியோடு நிறுத்திக்கொள்ளலாம். மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்பது கடைக்குக் கடை மாறும். முர்தாபாக்கும் ரொட்டி தெலூரும் அதே கல்லில்தான் வேகும்.

நம்மவர் கடையாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வதும் சரியல்ல. வாழையிலையில் வைக்கும் முட்டைக்கோஸில் நெத்திலி, கத்தரிக்காயில் கருவாடு, தால்சாவில் ஆட்டெலும்பு. இவையெல்லாம் நம் சமையலறையிலேயே உள்ள பழக்கம். மீன் குழம்புக்கும் சாம்பாருக்கும் ஒரே கரண்டியைப் போடுவதும் உண்டு. வாசலில் 'சைவம் கிடைக்கும்' என்று எழுதிவிட்டு உள்ளே கரண்டியைக்கூடப் பிரித்து வைக்காத கடையைவிட, "இதில் பெலாச்சான் இருக்கு தம்பி, வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் மலாய் அங்காடி மேல்.

மஞ்சள் பலகையும் அமாவாசையும்

சிற்றூர்களில் முழுமையான சைவக் கடை ஒன்று இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் சீனருடையது. நம்மில் பலர் அதைக் கடந்தே போகிறோம். பலகை சீனத்தில் இருக்கும், உள்ளே தொங்குவது கோழி போலத் தெரியும். அது கோழியல்ல. சோயா, கோதுமைப் புரதம், காளான் ஆகியவற்றில் செய்து கோழி, வாத்து, மீன் வடிவத்தில் வைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த வடிவமே பிடிக்காது. "சைவம்னா சைவமா இருக்கணும், மீன் மாதிரி எதுக்குச் செய்யணும்?" என்ற அவர்களின் கேள்வியும் நியாயமே. அவர்களுக்கு அதே கடையில் கீரையும் தௌஹூவும் மிஹூனும் உண்டு.

கடையை அடையாளம் காண்பது கடினமல்ல. பலகை மஞ்சளாக இருப்பது வழக்கம். சில கடைகளில் ஸ்வஸ்திகம் போட்டிருக்கும்; அது பௌத்தச் சின்னம். சைவத்தைக் குறிக்கும் சீன எழுத்தை ஒரு சீன நண்பரிடம் எழுதி வாங்கிக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளலாம். அதன் மேற்பகுதியில் மூன்று கிடைக்கோடுகளை ஒரு செங்குத்துக் கோடு வெட்டிச் செல்லும், கீழே முறுக்கிய நூல் போன்ற ஒரு வடிவம். ரோமன் எழுத்தில் 'வெஜிடேரியன்' என்று கைப்பேசி வரைபடத்தில் தேடினால் வராத கடைகள், அந்த எழுத்தை ஒட்டித் தேடினால் வரும்.

சாதாரணக் கோப்பிக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். மாண்டரினில் "வோ ச்சீ சூ", கண்டோனீஸில் "ங்கோ சிக் ஜாய்", ஹொக்கியனில் "குவா சியா சாய்". மூன்றுக்கும் பொருள் நான் சைவம் என்பதே. இதில் ஒரு வசதி, மலாயில் போல நீளப் பட்டியல் தேவையில்லை. சீனரிடையே அந்தச் சைவத்துக்குத் தெளிவான வரையறை உண்டு: இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் ஆகாது. வெங்காயம், பூண்டுகூட ஆகாது என்று அவர்களின் கட்டுப்பாடு நம்முடையதைவிட ஒரு படி மேலே போகும். முட்டையில் மட்டும் அவர்களுக்குள் இரு வகை உண்டு. ஆகவே முட்டையைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில போலி இறைச்சிகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேரும்.

நாளும் முக்கியம். சீன நாட்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனக் குடும்பங்களில் சைவ நாட்கள். 'சாப் கோ மே' என்று நமக்கெல்லாம் தெரிந்த பெயரில் வரும் 'சாப் கோ' அந்தப் பதினைந்துதான். சீன மாதம் நிலவை வைத்துத் தொடங்குவதால் முதல் நாள் நம் அமாவாசையை ஒட்டியும், பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டியும் வரும். ஒரு நாள் முன்பின் ஆகலாம். அமாவாசைக்கு விரதமிருக்கும் தமிழர் ஒருவர் ஊரில் சாப்பாடு தேடி அலையும் அதே நாளில், எதிர்வரிசைக் கோப்பிக் கடையில் வழக்கமாகப் பன்றி நூடல்ஸ் விற்பவர்கூடச் சைவ மிஹூன் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒன்பதாம் சீன மாதத்தில் வரும் ஒன்பது அரச தெய்வங்கள் விழாவின்போது இது இன்னும் பெருகும். ஒன்பது நாளும் பக்தர்கள் வெள்ளை உடுத்திச் சைவம் காப்பார்கள், அங்காடிகளில் மஞ்சள் கொடி பறக்கும். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் அந்த விழாவும் நம் நவராத்திரியும் ஒரே நாளில் தொடங்கின. 2024-இல் அது அக்டோபர் 3. சீன நாட்காட்டியில் கூடுதல் மாதம் வரும் சில ஆண்டுகளில் இந்தப் பொருத்தம் தவறும். 2025-இல் அவ்விழா அக்டோபர் 21-க்குத் தள்ளிப் போனது, அதற்குள் புரட்டாசியே முடிந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறிய ஊர்களின் சீனச் சைவக் கடைகள் பல, காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு அதை நம்பிப் போனால் இரும்புக் கதவைத்தான் பார்க்க வேண்டிவரும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை

நமக்கு வெள்ளிக்கிழமை சைவ நாள். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் மலாய்க் கடைகளும் மாமாக் கடைகளும் மூடியிருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையும் அதே விடுமுறைக்குள் வந்து விழும். வியாழன் இரவே ஏற்பாடு செய்துகொள்ளாதவர் வெள்ளி மதியம் தெருவில் நிற்க வேண்டியதுதான். நோன்பு மாதத்தில் பகலில் சீனக் கடைகள் மட்டுமே கதி. மாலை நான்கு மணிக்குமேல் ரமலான் சந்தையில் பண்டங்களுக்குக் குறைவிருக்காது.

ஊருக்குப் புதிதாகப் போனதும் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் கோயில். பூசாரியிடமோ நிர்வாகத்தினரிடமோ கேட்டால், வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அன்னதானம் உண்டா, எந்த வீட்டு அம்மா மாதக் கணக்கில் கேரியர் சாப்பாடு தருகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வீடுகள் எந்த வரைபடத்திலும் இருக்காது. பேராக்கில் பல ஊர்களில் சீக்கியர்களின் குருத்துவாரா உண்டு. அங்கு வழங்கப்படும் லங்கர் உணவு சைவம், யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். தலையை மூடி, காலணியைக் கழற்றி, தரையில் வரிசையில் உட்கார வேண்டும். வழிபாட்டு நாளில்தான் பெரிய அளவில் சமைப்பார்கள், அதனால் நாளை விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு

கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் கவலை அதிகம். விடுதி உணவகத்தில் தட்டுச் சமையல், அங்கே தனியாகக் கேட்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து, புரட்டாசி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே உணவக நடத்துநரிடம் பேசினால், நெத்திலி போடுவதற்கு முன் ஒரு கரண்டி காய்கறியைத் தனியே எடுத்து வைப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. ஒருவர் மட்டும் கேட்டால் அது சலுகை, ஐந்து பேர் கேட்டால் வியாபாரம்.

கடைப் பொருட்களை வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஹலால் முத்திரைக்கும் சைவத்துக்கும் தொடர்பில்லை. ஜெல்லி மிட்டாயில் உள்ள ஜெலாட்டின் ஹலாலாக இருந்தாலும் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். கடற்பாசியில் செய்யும் அகார் அகாரில் அந்தப் பிரச்சினை இல்லை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ இருந்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும். மீன், முட்டை, பால் கலந்திருப்பதையும் ஒவ்வாமை கருதிச் சொல்லியாக வேண்டும். அந்த வரியைத் தேடிப் படித்தால் போதும்.

அனுமதி உள்ள விடுதி என்றால் சிறிய சோற்றுப் பானை ஒன்று போதும். காலைச் சந்தையில் தெம்பேயும் தௌஹூவும் கீரையும் மலிவாகக் கிடைக்கும். பானை வைக்க அனுமதி இல்லையென்றால், வெள்ளைச் சோற்றை உணவகத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியையும் நல்லெண்ணெயையும் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கச் சுண்டக் காய்ச்சி, ஈரம் படாத கரண்டியால் எடுத்தால் பல நாள் தாங்கும். தோட்டத்திலிருந்து லாரி ஏறித் தைப்பூசத்துக்குப் போன காலத்தில் பாட்டிமார் கட்டிக் கொடுத்ததும் அதே புளிச்சோறுதான். பேருந்தில் எட்டு மணி நேரம் போனாலும் கெடாது, கூடவே ஒரு வாழைக்காய் வறுவலும் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுக்கலாம்.